அமெரிக்கர்கள் விட்டுப்போன நிலம்

சென்ற மாதம் எங்கள் நகரசபை கூட்டிய பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார்: "வாஷிங்டனில் யாரோ ஒரு முடிவு எடுத்தால் அதற்காக நான் ஏன் என் வீட்டைப் பற்றிப் பயப்படவேண்டும்?"

அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. நகரத்தின் மேற்குப் பக்கத்தில் அமெரிக்க இராணுவம் இருந்துவிட்டுப் போன பெரிய முகாம் நிலம் இருக்கிறது. அதில் தெற்குப் பாதியில் இன்று அடுக்குமாடி வீடுகள். வடக்குப் பாதி இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. ஐரோப்பா தன்னைத் தானே காத்துக்கொள்ளட்டும் என்று அமெரிக்கா சொல்லத் தொடங்கியபின் ஜேர்மன் இராணுவம் பெருகிவருகிறது. பழைய முகாம் நிலங்களைத் திரும்பக் கேட்கிறது. வீடு கட்டிய பாதியையும் பிடுங்கிவிடுவார்கள் என்று ஊரில் கதை பரவியிருந்தது. அன்று மேடையிலிருந்த அதிகாரி, மக்கள் குடியிருக்கும் பகுதியை யாரும் கேட்கவில்லை, வடக்குப் பாதியை மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள் என்று திட்டவட்டமாகச் சொன்னபோது மண்டபமே மூச்சு விட்டது. நானும்தான்.

அந்த நிலத்தோடு வேலை செய்தவள் என்று என்னையும் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் என்னால் ஒரு நகரத்தின் எண்பது வருடங்களைச் சொல்ல முடியவில்லை. ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

என் வேலை, போர்க்காலத்தில் விமானங்களிலிருந்து எடுத்த படங்களைப் பார்ப்பது. இரண்டாம் உலகப் போரில் இந்த நாட்டின் மீது அமெரிக்க விமானங்களும் பிரித்தானிய விமானங்களும் போட்ட குண்டுகளில் பல வெடிக்கவில்லை. அவை இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. இங்கே எங்கே கட்டடம் எழுப்ப வேண்டுமென்றாலும், முதலில் யாராவது அந்தப் பழைய படங்களைப் பார்த்து, இந்த இடத்தில் தோண்டலாமா கூடாதா என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அந்த விமானங்கள் குண்டு போடுவதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்தன, அடி சரியாக விழுந்ததா என்று அறிவதற்காக. அழிப்பதற்காக எடுத்த படம் அறுபது எழுபது வருடம் கழித்து உயிர் காக்க உதவுகிறது. அதைப் பார்த்துத்தான் நான் ஓய்வு பெறும்வரை சம்பளம் வாங்கினேன்.

யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரையப் பழகிக்கொண்டிருந்தபோது நாட்டை விட்டு வந்தேன். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பெர்லினிலிருந்து புகையிரதத்தில் மேற்குக்குக் கடந்து, அகதி முகாம், வழக்கு, மொழி வகுப்பு, பிறகு நில அளவையில் மூன்று வருட ஆவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி. எல்லாரும் கடந்த பாதைதான். அதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. டார்ம்ஸ்டாட்டிலிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில் உள்ள ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஆறு பேர். தலைவர் ஹெர் க்ரூகர்.

முதல் நாள் ஹெர் க்ரூகர் எனக்கு வணக்கம் சொன்னார், கதிரையைக் காட்டினார், இரட்டைக் கண்ணாடிக் கருவியின் கீழ் இரண்டு படங்களை வைத்தார். பறக்கும் விமானம் சில நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அந்தக் கருவிக்குள் பார்த்தால் நிலம் மேடும் பள்ளமுமாக எழும்பி நிற்கும்.

"என்ன தெரிகிறது?"

"வயல். புகையிரதப் பாதை. நிறையச் சிறிய குன்றுகள்."

அவர் இரண்டு படங்களையும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். மறுபடி பார்த்தேன். குன்றுகள் எல்லாம் குழிகளாகிவிட்டன. அவை குண்டு விழுந்து வெடித்த குழிகள்.

"நிழல் எப்போதும் உங்களை நோக்கி விழவேண்டும்" என்றார். "இல்லாவிட்டால் கண் பொய் சொல்லும். உங்கள் கண் மட்டுமல்ல, என்னுடைய கண்ணும்."

அவருடைய குணம் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருந்தது. சத்தம் போடமாட்டார், புகழமாட்டார். 'இங்கே குண்டு இல்லை' என்று ஒருநாளும் எழுதவிடமாட்டார். 'கிடைத்த படங்களில் காணப்படவில்லை' என்றுதான் எழுதவேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து யன்னலால் தூரத்து மரங்களைப் பார்க்கவேண்டும். களைத்த கண் விரும்பியதைப் பார்க்கும் என்பார். வெடித்த குண்டின் குழி பெரியது, யாருக்கும் தெரியும். வெடிக்காத குண்டு மண்ணுக்குள் புகுந்த துளை அரை மீற்றர்தான். படத்தில் அது ஒரு ஊசிமுனை. படச்சுருளில் விழுந்த தூசியும் அப்படித்தான் இருக்கும், கீறலும் அப்படித்தான், வயலில் நிற்கும் ஒரு சிறிய பற்றையும் அப்படித்தான்.

அதனால் ஒவ்வொரு நிலத்தையும் இரண்டு பேர் பார்ப்போம். படத்துக்கு மேல் மெல்லிய கண்ணாடித்தாளை விரித்து, குழிக்குச் சிவப்பு, சந்தேகத் துளைக்கு நீலம் என்று புள்ளி வைப்போம். முதல் ஆளின் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது. அது மேசை லாச்சிக்குள் போய்ப் பூட்டப்பட்டுவிடும். இருவரும் முடித்தபின்தான் ஹெர் க்ரூகரின் மேசையில் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்போம்.

சேர்ந்த முதல் கிழமையில் எனக்கு ஒரு தொடர் படம் வந்தது. எங்கள் நகரத்தின் புகையிரத நிலையம், குண்டுகள் வெடித்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து எடுத்தது. கீழே ஒரு வீட்டுக் கொல்லையில் உடுப்புக் காயப்போட்டிருந்த கொடி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நான் கருவியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்திலும் விமானம் வந்து குண்டு போட்டுக்கொண்டிருந்தது. அம்மா அங்கே இருந்தா.

ஹெர் க்ரூகர் கவனித்திருக்கவேண்டும். தேநீர் நேரத்தில் தானாகவே பேசினார், அது அபூர்வம். "அந்த நிலையத்துக்குப் பக்கத்தில்தான் என் தாயின் வீடு இருந்தது. அமெரிக்கர்கள் இடித்தார்கள். பிறகு என் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் சூப் கொடுத்ததும் அவர்கள்தான். என் தகப்பன் முப்பது வருடம் அவர்களுடைய முகாமில் லொறி திருத்தினார். அந்தச் சம்பளத்தில் நான் படித்தேன்." கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "படத்தில் இதெல்லாம் தெரியாது. படத்தில் நிலம் மட்டும்தான் தெரியும்" என்றார்.

அவர் சொன்ன முகாம்தான் நான் மேலே சொன்ன நிலம். போருக்கு முன் ஜேர்மன் இராணுவம் கட்டியது. அதை ஒட்டிய புகையிரதப் பாதைக்குக் குண்டு போட்டவர்கள், போர் முடிந்ததும் அதே முகாமுக்குள் குடிவந்தார்கள். சோவியத் இராணுவம் கிழக்கிலிருந்து வந்துவிடும் என்ற பயத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தார்கள். உள்ளே பள்ளிக்கூடம், திரையரங்கு, தேவாலயம், டாங்கிகள் நிறுத்தக் கொங்கிறீற் மைதானம். வெளியே அவர்களை நம்பி முடிவெட்டும் கடை, வாடகைக் கார், தையற்கடை, வீடு வாடகைக்கு விடுகிறவர்கள். பெர்லின் சுவர் விழுந்தபின் ஆட்கள் குறைந்தார்கள். பிறகு அவர்களுடைய போர்கள் வேறு நாடுகளுக்குப் போயின. ஒருநாள் கொடியை இறக்கி மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வாடகைக் கார் ஓட்டியவர்கள் பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு ஓடினார்கள். பல கடைகள் மூடின. அவர்கள் இருந்தபோது 'வீட்டுக்குப் போங்கள்' என்று சுவரில் எழுதியவர்களே, அவர்கள் போனபின் ஊர் செத்துவிட்டது என்றார்கள்.

சில வருடங்களில் நிலைமை திரும்பியது. பெரிய நகரங்களில் வாடகை கட்ட முடியாதவர்கள் எங்கள் ஊருக்கு வரத் தொடங்கினார்கள். இங்கும் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. தேர்தலில் எல்லாக் கட்சியும் வீட்டைப் பற்றித்தான் பேசின. அமெரிக்கர்கள் விட்டுப்போன அந்த நிலம்தான் எல்லாருக்கும் கண்ணில் பட்டது. டாங்கி மைதானம் இருந்த தெற்குப் பாதியில், சாதாரணக் குடும்பங்களுக்கு வாடகைக்குக் கொடுக்க ஒரு கூட்டுறவுச் சங்கம் முதல் கட்டடத்தைக் கட்டுவது என்று முடிவானது. படங்கள் எங்கள் மேசைக்கு வந்தன.

நான் நான்கு நாள் பார்த்தேன். பின்னாளில் டாங்கி மைதானத்தின் வடமேற்கு மூலை வந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி வைத்தேன். அங்கே ஒரு துளை இருப்பதாக எனக்குப் பட்டது. ஆனால் ஒரே ஒரு படத்தில்தான். அடுத்த படத்தில் எரியும் புகையிரதப் பெட்டிகளின் புகை அந்த மூலையை மூடியிருந்தது. ஒரு படத்தில் மட்டும் தெரிவது கீறலாகவும் இருக்கலாம்.

இரண்டாவது ஆளாகப் பார்த்தவர் ஹெர் க்ரூகர். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். சிவப்புப் புள்ளிகள் எல்லாம் பொருந்தின. நீலம் என்னுடைய தாளில் மட்டும்தான் இருந்தது.

அவர் மறுபடி பார்த்தார். யன்னலுக்குப் போய்வந்து இன்னொருமுறை பார்த்தார். "எனக்கு இது கீறல்" என்றார்.

இருபது வருடத்துக்கு மேலாக அவரோடு வேலை செய்கிறேன். அவர் காணாததை நான் கண்டேன் என்று சொல்ல யார் நான்? ஆனால் இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஹெர் க்ரூகர், ஒன்று சொல்லவேண்டும். அந்தக் கட்டடத்தில் வீடு கிடைக்கவிருக்கும் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். நெருங்கியவர்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியென்றால் அந்தப் புள்ளியை வைக்காமல் இருக்கத்தான் உங்களுக்குக் காரணம் இருந்தது. வைத்திருக்கிறீர்கள்." இரண்டு தாள்களையும் கோப்பில் வைத்துவிட்டு, "நீங்கள் கண்டீர்கள், நான் காணவில்லை. கடிதத்தில் இரண்டையும் எழுதுங்கள். இன்னொரு படம் கிடைக்கும்வரை அனுமதி இல்லை" என்றார்.

நகரசபைக் கட்டடப் பிரிவின் பொறுப்பாளர் ஃப்ராவ் லென்ஸ் மறுநாளே நேரில் வந்தார். நல்ல பெண். அந்த வீடுகளுக்காக ஐந்து வருடம் ஓடித் திரிந்தவர். வேலை ஒரு வருடம் தள்ளிப்போனால் மாநில உதவி கிடைக்காமல் போகலாம் என்று அவருக்குப் பயம்.

"உங்களில் ஒருவர் இல்லை என்கிறீர்கள், ஒருவர் இருக்கலாம் என்கிறீர்கள். இதை வைத்து நான் என்ன செய்வது? அமெரிக்கர்கள் அந்த இடத்தில் நாற்பது வருடம் டாங்கி நிறுத்தினார்கள். ஒன்றும் வெடிக்கவில்லையே!"

ஹெர் க்ரூகர் வழக்கமான குரலில் சொன்னார்: "டாங்கி மேலே நிற்கும். நீங்கள் கீழே தோண்டப் போகிறீர்கள்."

அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குணமும் மனைவி வசந்தியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஹெர் க்ரூகரிடம் சொன்ன குடும்பம் அவர்கள்தான். குணம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. மூன்று பிள்ளைகளோடு முகாமுக்கு அருகிலேயே இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். ஒன்பது வருடம் வீடு கேட்டு ஆன்ட்ராக் மேல் ஆன்ட்ராக், விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டு, முதல் கட்டடத்தில் நான்கு அறை வீடு என்று கடிதம் வந்திருந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டியதே வசந்திதான்.

"மலரக்கா, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டியளே?" என்றார் குணம்.

"கேளுங்கோ."

"அந்த இடத்திலை குண்டு கிடக்குதெண்டு எழுதினது உங்கடை கந்தோரோ?"

"என்ரை வேலையைப் பற்றி வெளியிலை கதைக்க ஏலாது, குணம்."

"அப்ப நீங்கள்தான்." அவர் வசந்தியைப் பார்த்தார். "அமெரிக்கன் அவ்வளவு காலம் அதுக்கு மேலை ஓடித் திரிஞ்சவன். ஒண்டும் நடக்கேல்லை. நாங்கள் வீட்டுக்குப் போகப்போறம் எண்டவுடனைதான் குண்டு வருதோ?"

வசந்தி மெதுவாகச் சொன்னாள்: "சின்னவளுக்கு மூச்சிழுப்பு, அக்கா. சுவரெல்லாம் பூஞ்சணம். டொக்டர் வீடு மாறுங்கோ எண்டுறார். எங்கை மாறுறது? நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் கேப்பினம்தானே?"

"கேப்பினம். அதுதான் சொல்ல ஏலாது."

"ஏன்?"

"நீங்கள் இருக்கப்போற வீடு, வசந்தி."

குணம் எழுந்துவிட்டார். ஊற்றி வைத்த தேநீரை அவர்கள் தொடவில்லை. அதன்பின் பல மாதம் அவர் என்னோடு பேசவில்லை. கடையில் கண்டால் அடுத்த பக்கம் போய்விடுவார். எனக்கும் உறுதி ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் புள்ளி வெறும் தூசியாக இருந்தால் ஒரு பிள்ளையின் நெஞ்சில் நான் ஏற்றி வைத்த ஒரு வருடம் அது. சமைக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, கண்ணை மூடினால் அந்தப் புள்ளிதான்.

இன்னொரு படம் எங்கே தேடுவது? எங்கள் நகரத்தின் பெயரில் அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் இருந்தவை எல்லாம் ஏற்கனவே எங்களிடம் வந்துவிட்டன. பறப்புப் பட்டியல்களை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். மூன்றாவது கிழமை ஒரு வரி கண்ணில் பட்டது. அந்தத் தாக்குதலுக்கு ஆறு நாள் கழித்து ஒரு அமெரிக்க விமானம் பக்கத்து ஊரைப் படம் எடுத்திருந்தது. அதன் பாதையை வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். படத்தின் ஓரம் எங்கள் முகாமைத் தொடவேண்டும். மூலை வருமா வராதா என்று சொல்ல முடியாது. ஹெர் க்ரூகர் கோட்டைப் பார்த்தார், அளந்தார், "காப்பகத்துக்கு எழுதுங்கள்" என்றார்.

படம் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதைக் கருவியின் கீழ் வைத்தேன். நிழல் என்னை நோக்கி விழும்படி திருப்பினேன். படத்தின் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே அந்த மூலை இருந்தது. புகை இல்லை. குளிர்காலத்துக் காலைச் சூரியன், நீண்ட நிழல்கள். அதே இடத்தில் அதே ஊசிமுனை. அதன் ஒரு பக்கம் கருமை, மறுபக்கம் வெளிச்சம், சுற்றிவர எறிபட்ட மண்ணின் மெல்லிய வளையம். கீறலுக்கு நிழல் கிடையாது.

ஹெர் க்ரூகரைக் கூப்பிட்டேன். நீண்ட நேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து, "ஆம்" என்றார்.

அவருடைய பழைய தாளை எடுத்து நீலப் பேனையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நான் காணாதது காணாததாகவே கோப்பில் இருக்கட்டும். பின்னால் வருகிறவர்கள் நானும் தவறினேன் என்று அறியவேண்டும்." பிறகு, அவரிடமிருந்து நான் எதிர்பாராதபடி, என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு யன்னலுக்குப் போனார்.

கொங்கிறீற்றைத் துளைத்து, மண்ணுக்குள் இரும்பு தேடும் கருவியை இறக்கினார்கள். நான்கு மீற்றர் ஆழத்தில் அது நீளமாக எதையோ காட்டியது. வசந்த காலத்தில் ஒரு வியாழக்கிழமை காலை அது வெளித் தெரியும்வரை தோண்டினார்கள். அமெரிக்கக் குண்டு. பின்பக்கத்தில் நேரம் கடந்து வெடிக்கும் வகைத் திரி. கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும் திரவம் ஒரு சிறு தகட்டை மெல்ல மெல்லக் கரைத்து, கரைந்து முடிந்ததும் வெடிக்க வைக்கும். சில மணித்தியாலத்தில் கரையவேண்டியது பாதியில் நின்றுவிட்டால், அசைத்தால் மறுபடி தொடங்கலாம், அசைக்காமலும் தொடங்கலாம். அன்றைக்கே ஒரு கிலோமீற்றர் வட்டத்தில் இருந்த எல்லாரையும் வெளியேற்றினார்கள்.

மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று, வெளியேற்றியவர்களைத் தங்கவைத்த விளையாட்டு மண்டபத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். முதியோர் இல்லத்திலிருந்து சக்கர நாற்காலிகளில் வந்தார்கள். போர் நடந்த நாடுகளிலிருந்து அண்மையில் வந்த குடும்பங்கள், 'குண்டு' என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகளை மடியிலிருந்து இறக்கவே இல்லை. தமிழ்க் குடும்பங்களும் நாலைந்து வந்தன. குணமும் வசந்தியும் பிள்ளைகளோடு சுவரோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்று மணியிருக்கும், ஃப்ராவ் லென்ஸ் கையில் கட்டட வரைபடத்தோடு என்னைத் தேடி வந்தார். மேசையில் விரித்து, அத்திவாரத்துக்குத் துளையிட வேண்டிய இடங்களில் ஒன்றைக் காட்டினார். பிறகு தோண்டிய இடத்தைக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் அவருடைய விரல் ஒன்று வைக்கக்கூட இடம் இருக்கவில்லை. "நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். வரைபடத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

குணம் அதைப் பார்த்திருக்கிறார். எழுந்து வந்து, நான் மடிக்காமல் விட்டிருந்த அந்த வரைபடத்தைப் பார்த்தார். ஜேர்மன் எழுத்தை வாசிக்கத் தேவையில்லை. தன் கட்டடத்தின் வடிவம் அவருக்கு மனப்பாடம்.

"இதுவோ அந்த இடம்?"

"ஓம்."

"இதுக்கு மேலையோ எங்கடை வீடு?"

"ஓம், குணம்."

அவர் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். "ஊரிலை ப்ளேன் சத்தம் கேட்டால் பங்கருக்கை ஓடுவம்" என்றார். "இது சத்தம் போடாமல் கிடந்திருக்கு." அப்புறம் வசந்தியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "இஞ்சை வா. அக்கா தனிய இருக்கிறா."

ஐந்தரை மணிக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள், திரியைத் தூரத்திலிருந்தே பீய்ச்சியடிக்கும் நீர்த்தாரையால் வெட்டி எடுத்துவிட்டார்கள், ஆபத்து நீங்கிவிட்டது என்று. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு மூதாட்டி கைதட்டத் தொடங்கினா, மண்டபம் முழுவதும் தொடர்ந்தது. தகடு பாதிக்கு மேல் கரைந்திருந்தது என்று அடுத்த நாள் அறிந்தோம்.

மாநில உதவி போகவில்லை. ஃப்ராவ் லென்ஸ் எப்படியோ நீட்டித்துவிட்டார். வீடு எழும்ப இரண்டு வருடம் ஆனது. குணம் குடும்பம் இன்றைக்கும் அங்கேதான், மூன்றாம் மாடியில். சின்னவளுக்கு மூச்சிழுப்பு நின்றுவிட்டது. பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்டவரும் அதே கட்டடம்தான். வாஷிங்டனுக்கும் தன் வீட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவரிடம் நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: அவருடைய வீட்டுக்குக் கீழே குண்டு போட்டவர்களும், அந்த இடத்தில் இந்த ஊருக்குப் படியளந்தவர்களும், போய்விட்டதால் அவருக்கு வீடு கட்ட நிலம் விட்டவர்களும் ஒரே ஆட்கள்தான். இப்போது அவர்கள் இன்னும் தள்ளிப் போகப்போகிறோம் என்கிறார்கள். வடக்குப் பாதியில் மறுபடி பட்டாளம் வரும். அதற்கும் யாராவது பழைய படங்களைப் பார்க்கத்தான் வேண்டும். இப்போது கணினி முதலில் பார்த்துப் புள்ளி வைக்கிறதாம். இரண்டாவது ஆள் இன்னும் மனிதர்தான் என்று அறிந்து நிம்மதி.

அன்று விளையாட்டு மண்டபத்தில் கைதட்டல் ஓய்ந்தபின் நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. சிறிது நேரம் உட்காருவோம் என்றுதான் உட்கார்ந்தேன். அத்தனை மாதத்தில் முதல்முறையாகக் கண்ணை மூடியதும் ஒன்றும் தெரியவில்லை. வசந்திதான் தோளைத் தட்டி எழுப்பினாள்.

"அக்கா, எழும்புங்கோ. எல்லாரும் போயிட்டினம். எங்கடை வீட்டை வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."